இருபத்தோராவது அதிரசம்

ஏம்பலத்து ருக்குமணி கடைக்குள் நுழைந்தால் கடைக்காரருக்கு வியர்க்கும். புளிப் பொட்டலத்தைக் கையில் தூக்கிப் பார்த்தே, "இது கால் கிலோவா? தராசுல போடு" என்பாள். போட்டால் பத்து கிராம் குறையும். அந்தப் பத்து கிராமுக்காக அவள் போடும் சத்தத்தில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். எண்ணெய்க்கு ஒரு கடை, பருப்புக்கு ஒரு கடை, துணி சோப்புக்கு நெட்டப்பாக்கம் வரைக்கும் நடை.

கணவன் நடேசன் கரும்பு வெட்டப் போகிறவர், வாயில்லாப் பூச்சி. "ரெண்டு ரூவா மிச்சம் புடிக்க இவ்ளோ தூரம் நடக்கறியே" என்று ஒரே ஒருமுறை கேட்டார். "ரெண்டு ரூவா கெடக்குது. அவன் என்னை ஏமாத்திட்டு உள்ள போயி சிரிக்கக் கூடாது, அவ்ளோதான்" என்றாள். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இப்படிப்பட்டவள் போய்ச் சேர்ந்த வேலையைப் பாருங்கள். வில்லியனூர் மெயின் ரோட்டில் ஒரு சூப்பர் மார்க்கெட். அதில் பலகாரப் பிரிவில் பேக்கிங். இரண்டு வருஷமாகத் தலையில் பிளாஸ்டிக் தொப்பியும் கையில் உறையுமாக நிற்கிறாள். முறுக்கு உடைந்திருந்தால் எடுத்து ஓரம் வைத்துவிடுவாள், யார் சொன்னாலும் பெட்டியில் போட மாட்டாள். ஊரிலிருந்து வருகிறவர்கள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பலகாரத்தில் கை வைப்பார்கள். நம்ம ருக்குமணி கட்டியது, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று ஏம்பலத்தில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சு அவளுக்குச் சம்பளத்தைவிட ருசியாக இருந்தது.

இந்த வருஷம் தீபாவளிக்கு ஏழாயிரம் போனஸ் என்று சொல்லியிருந்தார்கள். ருக்குமணி ஆடியிலிருந்தே அதை மனசுக்குள் செலவு செய்துகொண்டிருந்தாள். மகள் சரண்யாவை வைகாசியில்தான் பண்டசோழநல்லூரில் கட்டிக் கொடுத்தார்கள். நோன்பு எடுக்கிற குடும்பம். முதல் வருஷம் தாய்வீட்டிலிருந்து நோன்புச் சீர் போக வேண்டும். நாலாயிரத்தில் ஒரு புடவை பார்த்து வைத்தாயிற்று. மிச்சத்தில் பழம், தேங்காய், மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை. அதிரசத்தை மட்டும் கடையில் வாங்கக் கூடாது என்று வீட்டிலேயே பச்சரிசி இடித்து, பாகு காய்ச்சி, மாவு பிடித்து ஒரு பானையில் வைத்துத் துணியால் வேடு கட்டிவிட்டாள். சம்பந்தி பவுனம்மாளுக்கு நாக்கு நீளம். அந்த நாக்குக்கு இரை போடக் கூடாது.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். இந்தப் பக்கத்தில் நோன்பு எடுக்கிற வீடுகளில் பட்டாசெல்லாம் பிறகுதான். அமாவாசையன்று கேதார கௌரி நோன்பு. தட்டில் அதிரசம் இருபத்தொன்று, வெற்றிலை இருபத்தொன்று, பாக்கு, மஞ்சள், வாழைப்பழம் எல்லாம் இருபத்தொன்று. கோயிலுக்கு எடுத்துப்போய்ப் படைத்து, கயிறு கட்டிக்கொண்டு வருவார்கள். ஒன்று கூடினால் குற்றமில்லை, குறையக் கூடாது. குறைந்துவிட்டால் அந்த வருஷம் வீட்டில் யாருக்குத் தும்மல் வந்தாலும் அந்த ஒன்றுதான் ஞாபகத்துக்கு வரும்.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கையில் அந்தப் பெட்டிகள் வந்து இறங்கின. பளபளவென்று சிவப்பு அட்டை, மேலே சாமி படம், தங்க எழுத்தில் 'நோன்பு ஸ்பெஷல் அதிரசம்'. உள்ளே குழி குழியாக பிளாஸ்டிக் தட்டு. ருக்குமணி குழிகளை எண்ணினாள். வரிசைக்கு ஐந்து, நாலு வரிசை. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மானேஜர் ராஜேஷ் முன்னால் போய் நின்றாள்.

"சார், இது இன்னா சார் இருபது?"

"தட்டுல இருபதுதான்க்கா வருது."

"நோன்புக்கு இருபத்தொண்ணு வைக்கணும் சார்."

"அதான் கீழ இருபது பீஸ்னு போட்டிருக்கே." பெட்டியைத் திருப்பிக் காட்டினான். அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு எழுத்து.

"மேல நோன்புன்னு யானை மாதிரி எழுதிட்டு, அடியில இதை யாரு சார் பாப்பாங்க? ஒண்ணைத் தாள்ல சுத்தி மேல வச்சிடலாம் சார்."

"மூடி மூடாது. ரெண்டாயிரம் பெட்டி அடிச்சாச்சு. ஒண்ணு கம்மியானா சாமி என்ன கோவிச்சுக்கவா போகுது? யாரு எண்ணப் போறாங்க?"

"சாமி முன்னால எண்ணாம வேற எங்க சார் எண்ணுவாங்க?"

ராஜேஷின் ஊர்ப்பக்கம் இந்த நோன்பு கிடையாது. தெரியாதது அவன் குற்றமில்லை. சொன்ன பிறகும் காதில் வாங்காததுதான் குற்றம். அவன் மேசை மேல் கிடந்த ஒரு தாளை எடுத்து விசிறிக்கொண்டே, "போனஸ் லிஸ்ட் இன்னும் மேல போகலக்கா. நீங்க போய் வேலையப் பாருங்க" என்றான்.

அவ்வளவுதான். பத்து கிராம் புளிக்கு ஊரைக் கூட்டுகிறவள் வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தாள். சரண்யாவின் புடவை கண் முன்னால் வந்து நின்றதுதான் காரணம். ஒவ்வொரு பெட்டியாக மூடி, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றி, சூடு காட்டி ஒட்டினாள். ஒட்டும்போதெல்லாம் வசவு. ராஜேஷைத் திட்டினாள், அட்டை அடித்தவனைத் திட்டினாள், கடைசியில் தன்னையே திட்டிக்கொண்டாள். 'ச்சீ, நீயெல்லாம் ஒரு மனுஷியா' என்று வாய்க்குள் முனகியது பக்கத்தில் நின்ற பெண்ணுக்குக் கேட்டு, தன்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

விற்பனை ஆரம்பித்த முதல் நாளே செல்வகுமாரி வந்தாள். ருக்குமணியின் தெரு. சேதராப்பட்டில் கம்பெனி வேலை, ஷிப்டு மாற்றி ஷிப்டு. அவளுக்கு மாவு இடிக்க ஏது நேரம்?

"எக்கா, இது நீ கட்னதா?"

"ம்."

"அப்ப எண்ண வேணாம்."

இரண்டு முழம் தள்ளி ராஜேஷ் நின்றுகொண்டிருந்தான். ருக்குமணி அவனைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். "எடுத்துகினு போடி. எல்லாம் சரியா இருக்குது" என்று சொல்லிவிட்டாள். அவள் வாழ்நாளில் வியாபாரத்தில் சொன்ன முதல் பொய் அது. அதையும் சொந்தத் தெருக்காரியிடமே சொன்னாள். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. நடேசன் கேட்டதற்கு, "பல்லு வலி" என்றாள்.

அதற்குப் பிறகு ஊரிலிருந்து எத்தனையோ பேர் வந்து வாங்கிப் போனார்கள். அவள் குனிந்த தலை நிமிரவில்லை.

தீபாவளிக்கு முந்தின நாள் மத்தியானம் போனஸ் கவர் கொடுத்தார்கள். ருக்குமணி கவரைப் பிரித்தாள். மூவாயிரம் ரொக்கம். மிச்சம் நாலாயிரத்துக்கு ஒரு கூப்பன். இந்தக் கடையிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும், மாத முடிவுக்குள், தள்ளுபடி கிடையாது. பார்த்து வைத்த புடவைக்கு அது செல்லாது. பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ராஜேஷ், "வெளிய வாங்கறதை இங்க வாங்கப் போறீங்க, அதுவும் பணம்தானே" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பில்தான் எல்லாம் கெட்டது. ஏமாற்றிவிட்டு உள்ளே போய்ச் சிரிக்கக் கூடாது என்று இருபது வருஷமாகக் கடை கடையாக அலைந்தவள் முன்னால், ஒருவன் எதிரிலேயே நின்று சிரிக்கிறான். இதற்காகவா பத்து நாள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தோம்? ருக்குமணிக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது.

தொப்பியைக் கழற்றி வைத்தாள். நேராகப் பலகாரக் கவுன்டருக்குப் போனாள். தட்டில் குவித்து வைத்திருந்த அதிரசம் உதிரியாக ஒன்று பதினாறு ரூபாய். "இருநூத்தம்பது போடு" என்றாள். பில் போடுகிற பெண் கண்ணை விரித்தாள். "இன்னாக்கா, கடை வைக்கப் போறியா?"

"ஆமாண்டி. போடு."

கூப்பனைக் கொடுத்து, பில்லை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு அட்டைப் பெட்டி அதிரசத்தோடு வாசலுக்கு வந்தாள். வண்டி நிறுத்துகிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். சிவப்புப் பெட்டியோடு வெளியே வந்த முதல் பெண்ணைக் கூப்பிட்டாள்.

"இந்தாம்மா, நோன்புக்கா? இதையும் வச்சுக்கோ. பொட்டியில ஒண்ணு கம்மி."

"கம்மியா? நோன்புப் பொட்டின்னுதானே போட்டிருக்குது?"

"அடியில பாரு."

அந்தப் பெண் பெட்டியைத் தலைகீழாகப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் படித்தாள். "அடப் பாவிங்களா!" என்றாள் சத்தமாக. அதற்குள் பாகூர்ப் பக்கம் போகிற ஒருவர் மொபெட்டை நிறுத்திவிட்டு, சீட்டுக்கடியிலிருந்து தன் பெட்டியை எடுத்துப் பார்த்தார். கேட்கவும் வேண்டுமா? கால் மணி நேரத்தில் வாசலில் கூட்டம். சிலர் ஒன்றை வாங்கிக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போனார்கள். சிலர் பெட்டியோடு உள்ளே போய் பில் போடுகிற இடத்தில் கத்தினார்கள். ராஜேஷ் ஓடி வந்தான்.

"என்னக்கா பண்றீங்க?"

"தர்மம் பண்றேன் சார். என் போனஸ்ல."

"கடைப் பேரைக் கெடுக்கிறீங்க!"

"நான் ஒரு வார்த்த தப்பா சொல்லல. இருபதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. படிக்கத் தெரியாதவங்களுக்குப் படிச்சுக் காட்டறேன். இந்த அதிரசத்துக்குப் பில்லு இருக்குது, பாக்கறீங்களா?"

"நாளையிலேர்ந்து வேலைக்கு வர வேண்டாம்."

"நாளைக்குத் தீபாவளி சார். யாரு வரப் போறா?"

கூட்டம் சிரித்தது. ருக்குமணி சிரிக்கவில்லை. கொடுப்பதை நிறுத்தவும் இல்லை. பொழுது சாய்வதற்குள் இரண்டு பெட்டியும் காலி. கடைசி ஒன்றை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் தாளில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அது செல்வகுமாரிக்கு.

ஏம்பலத்தில் பஸ் விட்டு இறங்கியவள் வீட்டுக்குப் போகவில்லை. நேராகச் செல்வகுமாரி வீட்டு வாசலில் போய் நின்றாள். செல்வகுமாரி உள்ளே நோன்புத் தட்டைத் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"இந்தாடி. அந்தப் பொட்டியில ஒண்ணு கம்மி. அன்னிக்கு உங்கிட்ட பொய் சொன்னேன்."

செல்வகுமாரி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை. "தெரியும்க்கா" என்றாள் மெதுவாக. "பொட்டியப் பிரிச்சு எடுத்து வைக்கும்போது பாத்தேன். எதிர்வூட்டு கெங்கம்மாளு பொட்டியிலயும் ஒண்ணு கம்மி. மேலத்தெருவுல நாலு பேருக்கும் அப்படித்தான்."

"அப்புறம் ஏன்டி வந்து கேக்கல?"

செல்வகுமாரி தரையைப் பார்த்தாள். "வுடுக்கா."

"சொல்லுடி."

"பொண்ணுக்கு மொத நோன்பு. சீர் செய்யணும். ஒனக்கு இன்னா கஷ்டமோ... பொட்டிக்கு ஒண்ணா எடுத்துச் சேத்துகினு இருக்கியோன்னு நெனச்சோம். நம்ம ருக்குமணிதானே, கேட்டா மனசு ஒடைஞ்சிடும், யாரும் கேக்காதீங்கன்னு நான்தான் எல்லார் கிட்டயும் சொன்னேன்."

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இந்த ஊர் தானாகவே வாயை மூடிக்கொண்டிருந்தது. பத்து கிராம் புளிக்குச் சண்டை போட்டவளைத் திருடி என்று முடிவு செய்து, பரிதாபப்பட்டு மன்னித்தும் விட்டிருந்தது. வேலை போனபோது வராத அழுகை ருக்குமணிக்கு இப்போது முட்டிக்கொண்டு வந்தது. வந்ததை அப்படியே விழுங்கினாள். விழுங்கியதும் அது நெருப்பாகிவிட்டது.

"என்னை அடிச்சிருக்கலாம்டி நீங்க" என்றாள். "தெருவுல நிக்க வச்சுக் கேட்டிருக்கலாம். மன்னிச்சீங்களா? யாரு உங்களை மன்னிக்கச் சொன்னது? என் பொண்ணுக்கு என் வூட்ல மாவு பானையில இருக்குதுடி! வந்து பாரு!"

சத்தம் கேட்டு எதிர்வீட்டுக் கெங்கம்மாள் வாசலுக்கு வந்தாள். இன்னும் இரண்டு மூன்று கதவுகள் திறந்தன.

"தட்டை வாசலுக்கு எடுத்துகினு வா" என்றாள் ருக்குமணி.

"எக்கா, வுடு..."

"எடுத்தாடி. பொட்டியத் தொறந்து வை. எண்ணு. தெருவுக்கே கேக்கணும்."

செல்வகுமாரி பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகத் தட்டில் அடுக்கினாள். ஒண்ணு, ரெண்டு என்று ஆரம்பித்த குரல் போகப் போகக் கம்மியது. இருபதில் நின்றது.

ருக்குமணி தாளைப் பிரித்துத் தன் அதிரசத்தை மேலே வைத்தாள். "இருபத்தொண்ணு" என்றாள். அது கோயில் வரைக்கும் கேட்டிருக்கும். "அந்தக் கடையில எல்லாப் பொட்டியிலயும் இருபதுதான். நான் எடுக்கல. ஆனா மூடி ஒட்டினது என் கை, சரியா இருக்குதுன்னு சொன்னது என் வாய். அதுக்கு என்னை என்ன வேணா கேளுங்க. இன்னும் யார் வூட்டுத் தட்டுல கம்மி? சொல்லுங்கடி. பொண்ணுக்குப் புடிச்ச மாவு இருக்குது, இப்பவே போயி சுட்டு எடுத்தாறேன்."

"எங்க வூட்ல ஒண்ணு" என்றாள் கெங்கம்மாள், தலையைக் குனிந்துகொண்டு.