அரங்கம் வந்தால் வியாபாரம்

எங்கள் ஊர் நடுவில் கிரிக்கெட் அரங்கம் கட்டலாமா என்று மக்களிடம் கருத்துக் கேட்டு அறிக்கை எழுதியவன் நான். கேட்டது, கிரிக்கெட் போட்டிக்கான டிக்கெட் வரிசையில் நின்றவர்களிடம் மட்டும். எல்லோரும் கட்டலாம் என்றார்கள், என்ன ஆச்சரியம்! அரங்கம் வந்தது, சுற்றியிருந்த கடைகள் போயின.

இப்போது ஒஸ்லோ நகர நடுவில், யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரின் பெட்டிக்கடையில் காபி குடிக்கிறேன். எதிரே கால்பந்து அரங்கம் கட்டப் பேச்சு நடக்கிறதாம்.

"சனம் குவியும், ஐயா. கடன் எடுத்தெண்டாலும் கடையைப் பெருப்பிக்கப் போறன்," என்கிறார்.

பிராயச்சித்தமாக உண்மையைச் சொல்கிறேன். "வருகிறவர்கள் உள்ளேயே வாங்கிச் சாப்பிடுவார்கள். உங்களுக்கு வாடகைதான் ஏறும். எங்கள் ஊரில் அரங்கம் கட்டவைத்த என் அறிக்கையை நம்பிய கடைக்காரர்களுக்கு அதுதான் நடந்தது."

அவர் தலையாட்டுகிறார்.

"ஓம், விளங்குது. அப்ப உள்ளுக்கை எனக்கொரு கடை தரச்சொல்லி நீங்களே எழுதித் தாங்கோ. உங்கட எழுத்துக்கு அரங்கமே எழும்பியிருக்கெல்லே?"

பேனாவையும் அவரே நீட்டுகிறார்.