ஆலைக் குளத்தில் ஒரு பெரட்டு

முதலில் இறுகியது என் ரப்பர் பூட்ஸ். பறவை பார்க்க எஸ்டேட் குளங்களைச் சுற்றும்போது போடுவது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று வாய் வலிக்கத் திட்டினேன். வீங்கியிருந்தது என் கால்தான்.

சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன என்றார் டாக்டர். அன்றிலிருந்து செவ்வாய், வியாழன், சனி எனக்கு டயாலிசிஸ் (இயந்திரத்தின் வழியே இரத்தத்தைச் சுத்தம் செய்வது). இதே டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்தபடி இதை வாசிக்கிறவர்களே, என் மடத்தனத்தை மட்டும் நீங்கள் செய்துவிடாதீர்கள்.

போன டிசம்பரில் கெமாஸ் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையின் குளத்துக்குப் போனேன். வடக்கே குளிருக்குத் தப்பி வரும் உள்ளான் குருவிகள் அங்கேதான் இறங்கும். காவல்காரர் முனியாண்டி இளநீர் வெட்டித் தந்தார். எஸ்டேட்டில் எந்த நோய்க்கும் முதல் மருந்து அதுதானே! இரண்டு குடித்தேன். அதிலிருக்கும் பொட்டாசியம் (எங்களைப் போன்றவர்களுக்குக் கூடினால் இதயத்தையே நிறுத்தும் உப்பு) மாலைக்குள் நெஞ்சைத் தாறுமாறாக அடிக்க வைத்தது. மூன்று நாள் வார்டில் கிடந்தேன்.

"இனிமே குருவி, கொளம்னு பேச்சே எடுக்காத," என்று என் கணவர் பைனாகுலரைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். ஓராண்டு பொறுத்தேன். சாகாமல் இருப்பதற்காக மட்டுமா இத்தனை ஊசி? பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

அவரையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போய்க் கேட்டேன்.

"டயாலிசிஸுக்கு மறுநாள் போங்க," என்றார் டாக்டர். "அன்னிக்கு முழுக்க அரை லிட்டர் தண்ணிதான். இளநீர் ஒரு சொட்டு கூடாது."

"கேட்டுக்கிட்டீங்கல்ல? சாவிய எடுங்க," என்றேன் கணவரிடம்.

இந்த டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் ஊர் பாரோயிலிருந்து இருவரும் கிளம்பினோம். பைனாகுலர் என் கழுத்தில் தொங்கியது. குளக்கரையில் முனியாண்டி கத்தியோடு ஓடி வந்தார்.

"வா தங்கச்சி! எளச்சிட்டியே லா! எளநி வெட்டவா?"

"வேணாண்ணே. அது எனக்கு வெசம். போன தடவ அதுதான் என்னைய ஆஸ்பத்திரில போட்டுச்சி."

"அடக்கடவுளே! எனக்குத் தெரியாம போச்சே!" கத்தியைக் கீழே போட்டுவிட்டார்.

"எனக்கே தெரியலண்ணே. ஒங்க மேல என்ன தப்பு?"

எதிரே குளம் நிறையத் தண்ணீர். நான் ஃபிளாஸ்க்கிலிருந்து ஓர் ஐஸ் கட்டியை எடுத்து வாயில் அடக்கிக்கொண்டேன். தாகம் கத்தியது. கத்தட்டும் என்று விட்டேன்.

எஸ்டேட்டில் காலையில் மண்டோர் (கங்காணி) பெயர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுப்பதைப் பெரட்டு என்போம். பறவைகளுக்கு நான் எடுப்பதும் அதுதான், சத்தமாகவே. "பொரி உள்ளான்?" சேற்றில் பதினொன்று. "நீலவால் பஞ்சுருட்டான்?" கம்பியில் ஆறு. "கருந்தலை மீன்கொத்தி?" காணோம். "வேலைக்கு வரல!" என்றேன்.

பின்னால் நின்ற கணவர் தொண்டையைச் செருமினார்.

"ஒரு ஆள விட்டுட்ட," என்றார். பிறகு மண்டோர் மாதிரியே குரலை உயர்த்தினார். "சரோஜா?"

"இருக்கேன்!"

நான் போட்ட கத்தலில் உள்ளான்கள் பதினொன்றும் பறந்துபோயின. போகட்டும், மறுபடி இறங்கும். நாளை சனி, ஊசிக்குக் கையை நீட்ட வேண்டும். இன்று வெள்ளி. பூட்ஸுக்குள் கால் விரல்களை அசைத்துப் பார்த்தேன், தாராளமாக அசைந்தன.