யாருடைய கண்மட்டம்?

போன சனிக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் பெருமாள் லிஃப்டில் ஏறினார்.

அபசாரமாகப் பேசுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். நடந்ததைத்தான் சொல்கிறேன். பையன் பட்டனை அழுத்தினான். ‘உய்ங்ங்...’ என்று ஒரு சத்தம். வாழையிலையில் சர்க்கரைப் பொங்கலும் புளியோதரையுமாக நாங்கள் பரப்பி வைத்திருந்த பெருமாள், ஆடாமல் அசையாமல் மேலே போனார். பக்கத்து வீட்டு தேவகி அக்கா இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, “கோயிந்தா! கோயிந்தா!” என்று கூவிவிட்டார்.

பாவம், அது மோட்டார் வைத்த மேசை என்று அவருக்குத் தெரியாது.

எப்படி இந்த நிலைமைக்கு வந்தோம்? எல்லாம் என் மனைவி கோமளாவின் கழுத்திலிருந்து ஆரம்பித்தது.

ஆடி மாதத்தில் ஒரு நாள், தூங்கி எழுந்தவளால் தலையைத் திருப்ப முடியவில்லை. விரல் நுனி வரைக்கும் மரத்துப்போகிறது என்றாள். ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் நகரியில் உடம்பில் எங்கே வலித்தாலும் முதல் யோசனை ஒன்றுதான் — பக்கத்துப் புத்தூரில் போடும் எலும்பு வைத்தியக் கட்டு.

“புத்தூரு போய் ஒரு கட்டு போட்டுக்கினு வந்துருங்க” என்றார் தேவகி அக்கா.

“கை காலுக்குன்னா போட்டுக்கலாங்க்கா. கழுத்துல கட்டுப் போட்டா மூச்சு எப்பிடி உடறது?” என்றாள் கோமளா.

ஆகவே திருப்பதிக்குப் போனோம். எலும்பு டாக்டர் எக்ஸ்ரேவைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கழுத்தெலும்பு தேய்மானம். “கிந்திகி சூடகண்டம்மா” என்றார் தெலுங்கில். கீழே பார்க்கக் கூடாது, குனியக் கூடாது, எந்தப் பொருளாக இருந்தாலும் கண்ணுக்கு நேராக வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம்.

டாக்டர் சொன்னது கோமளாவிடம். ஆனால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது எங்கள் பையன் பாலாஜி.

பாலாஜிக்குப் பெங்களூரு கம்பெனியில் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கிறான். ஆறடி உயரம். எங்கள் இரண்டு வம்சத்திலும் யாருக்கும் இல்லாத உயரம் — அவன் பெயருக்கு உரியவரே பார்த்துக் கொடுத்தது என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். அம்மா மேல் உயிர். திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே போனை எடுத்து ஆர்டர் போட ஆரம்பித்துவிட்டான். ரேணிகுண்டா தாண்டுவதற்குள் மூன்று ஸ்டாண்டு.

அப்புறம் வந்தது பாருங்கள் அட்டைப்பெட்டி! போனுக்கு ஒரு ஸ்டாண்டு. தோத்திரப் புத்தகத்துக்கு ஒரு ஸ்டாண்டு. கட்டிலில் படுத்தபடியே படம் பார்க்க, பாம்பு மாதிரி வளையும் ஒரு ஸ்டாண்டு. சுவரில் மாட்டி, அடியில் பட்டனைத் தட்டினால் அரிசி கொட்டும் டப்பா. மசாலா டப்பாக்களுக்குத் தொங்கும் அலமாரி. பெட்டி கொண்டுவரும் பையன் ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டான் — “இன்னா சார், கடை கிடை வெக்கறீங்களா?”

நானும் சும்மா இருக்கவில்லை. கழுத்தில் மாலை மாதிரி போட்டுக்கொண்டு போனை முகத்துக்கு நேராகப் பிடிக்கும் கருவி ஒன்று வந்திருந்தது. அதை மாட்டிக்கொண்டு பால் வாங்கப் போனேன். எதிரில் ஒரு எருமை வந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. நல்லவேளை... அதனிடம் போன் இல்லை. விலகிப் போய்விட்டது.

உலகமே மேலே ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, கவனித்தீர்களா? கல்யாண வீட்டில் தரையில் இருந்த இலை மேசைக்கு ஏறியது. இப்போது தட்டாக மாறி நெஞ்சுக்கு ஏறிவிட்டது. நின்றபடி, ஒரு கையில் தட்டு, ஒரு கையில் அப்பளம். சாம்பார் கண்ணுக்கு நேராக வர இன்னும் ஒரு சாண்தான் பாக்கி. அதற்கும் யாராவது ஒரு ஸ்டாண்டு கண்டுபிடித்துக்கொண்டிருப்பார்கள்.

சரி, வீட்டுக்கு வருகிறேன். இதையெல்லாம் சுவரில் மாட்ட வேண்டுமே! பாலாஜி டிரில்லிங் மெஷினை வாங்கி வந்தான். சுவரோடு ஒட்டி நின்று, தன் கண் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டான். “நைனா, இதான் கண்மட்டம். எல்லாம் இந்த லைன்ல வந்துரணும்.”

வந்துவிட்டது. சமையல்கட்டு, கூடம், பூஜை அறை — வீடு முழுக்க ஒரே கோடு.

ஒரே ஒரு சிக்கல். கோமளாவின் உயரம் ஐந்தடிக்கும் குறைவு.

மிளகாய்த்தூள் அவள் தலைக்கு மேலே. அரிசி டப்பாவின் பட்டனைக் கரண்டிக் காம்பால் குத்துவாள். தோத்திரப் புத்தகத்தின் பின்னட்டைதான் அவளுக்குத் தெரியும். பூஜை அறையில் பெருமாள் படத்தையும் அதே கோட்டுக்கு ஏற்றிவிட்டோம். அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: “எனக்குப் பாதம் தெரியுதுடா, அது போதும். மொகத்த நீ பாத்து, நல்லா கீறாரான்னு எனக்குச் சொல்லு.”

ஒரு மாதம் கழித்து மறுபடியும் டாக்டர். இப்போது வலி, கழுத்துக்குப் பின்பக்கத்தில்!

“மேலேயும் பார்க்கக் கூடாதும்மா” என்றார் டாக்டர்.

“அப்ப எங்கதான் சார் பாக்கறது?”

“நேரா பாருங்க.”

“நேரா பாத்தா வெறுஞ்செவுருதான் சார் தெரியுது!”

டாக்டர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். கோமளா சிரிக்கவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவள், வடமாலைப்பேட்டை தாண்டும்போது மெல்லக் கேட்டாள்: “இன்னாங்க... பொரட்டாசி வருதே, தளிகை போட முடியுமா என்னால?”

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது.

எங்கள் பக்கத்தில் புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை தளிகை போடுவது உங்களில் பல பேருக்குத் தெரியும். வாழையிலையில் சாதத்தாலேயே பெருமாளை உருவாக்கி, வடையால் மாலை போட்டு, கடைசியில் நாமம் சாத்தி, மாவிளக்கு ஏற்றிப் படைப்பது. எங்களுக்குக் கல்யாணமாகி வெகுகாலம் குழந்தை இல்லை. ஏறாத மலை இல்லை, சுற்றாத கோயில் இல்லை. அப்போது கோமளா வேண்டிக்கொண்டாள் — ஒரு பிள்ளையைக் கொடு, என் கை ஓடும் வரைக்கும் உனக்கு என் கையாலேயே நாமம் சாத்துகிறேன் என்று. பிள்ளை பிறந்தான். ஒரு வருடம்கூட அவள் விட்டதில்லை. காய்ச்சலோடு செய்திருக்கிறாள். இந்த வருடம் கழுத்து தடுக்கிறது.

“மா, அதுக்கும் ஐடியா கீது” என்றான் பாலாஜி.

ஐடியா என்ன? அவனுடைய ஆபீஸ் மேசை! பட்டனைத் தட்டினால் ஏறும், இறங்கும். ஒன்றாம் நம்பர் அவன் உட்கார்ந்து வேலை பார்க்கும் உயரம். இரண்டாம் நம்பர் நின்று வேலை பார்க்கும் உயரம். லேப்டாப்பைக் கண்ணுக்கு நேராக வைப்பதற்கென்று அதன் மேல் ஒரு தட்டு வேறு. மேசை மேலே, தட்டின் மேலே, மணையின் மேலே இலை, இலையில் பெருமாள். அம்மா குனியாமல் நின்றபடியே நாமம் சாத்திவிடலாம்.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ராகு காலம். அதற்குள் படைத்துவிட வேண்டும். விடியற்காலையிலிருந்து கோமளா அடுப்படியில். மேசையைக் கீழே இறக்கி வைத்து, நானும் பையனும் அவள் சொல்லச் சொல்லச் சாதத்தைப் பரப்பினோம். உருவம் வந்தது. நாமம்தான் பாக்கி. பாலாஜி இரண்டாம் நம்பரைத் தட்டினான். பெருமாள் ஏறினார். தேவகி அக்கா கோவிந்தா போட்டார். இதெல்லாம்தான் முதலிலேயே சொன்னேனே...

பெருமாள் போய் நின்ற இடம், பாலாஜியின் கண்மட்டம்.

“டேய், எனக்கு எல நுனிதாண்டா தெரியுது” என்றாள் கோமளா.

“இருமா, கொஞ்சம் எறக்கறேன்.”

பட்டனில் விரலை வைத்தான். அந்த நேரம் பார்த்துத் தெருவில் விசைத்தறிச் சத்தம் நின்றது. எங்கள் ஊரில் கரண்ட் போனால் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் காதுக்குத் தெரிந்துவிடும். இன்வெர்ட்டர் இருக்கிறது — லைட்டுக்கும் ஃபேனுக்கும். மேசைக்கு யார் கொடுத்தார்கள்?

“மேலயே நின்னுக்கினாரே! இப்ப ஏணி வெச்சி ஏறினு போய்த்தான் நாமம் போடணுமா?” என்றார் தேவகி அக்கா.

கோமளா ஸ்டூலைப் போட்டு ஏறினாள். ஏறியதும் தலை சுற்றியது. நான் தாங்கிப் பிடித்து இறக்கி, நாற்காலியில் உட்கார வைத்தேன். கடிகாரத்தைப் பார்த்தாள். கரண்ட் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்?

“நீயே போட்டுடு பாலாஜி” என்றார் தேவகி அக்கா. “உனக்குத்தான் எட்டுதே.”

கோமளாவின் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. “போடுடா. இந்த வருசம் என் கை வேணாம்னு அவரே சொல்லிட்டாரு, வுடு.”

பாலாஜி மெதுவாக, “மா, எல்லாம் உனுக்காகத்தான வாங்கனேன்? நீ குனியக் கூடாதுன்னுதான...” என்றான்.

அவ்வளவுதான். பிடித்துக்கொண்டாள்.

“டாக்டரு என்னைத்தாண்டா குனியாதேன்னாரு. உங்க ரெண்டு பேரையுமா குனியாதேன்னாரு? இத்தினி ஸ்டாண்டு வந்துச்சே வீட்டுக்கு, தரை மேல வந்துச்சா? இன்னிக்கிக் காலையில இந்த ரூம யாரு பெருக்குனது? கோலம் யாரு போட்டது? அந்தப் பெட்டிங்கள்லாம் பிரிச்சிப் போட்ட குப்பைய மூணு மாசமா யாரு குனிஞ்சி அள்றது?”

தேவகி அக்கா, “நல்லாக் கேளுடீ” என்றார் அடித்தொண்டையில்.

டாக்டர் சொன்னபோது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவன் நான். அவள் குனியக் கூடாது என்றால் வேறு யாரோ குனிய வேண்டும் என்றுதானே அர்த்தம்? அந்தப் பாதியை மட்டும் அப்பாவும் பிள்ளையுமாகச் சாமர்த்தியமாகக் காதில் வாங்காமல் வந்துவிட்டோம். பாக்கிப் பாதிக்கு ஆர்டர் போட்டோம்.

“நைனா, அந்தப் பக்கம் புடி” என்றான் பாலாஜி.

மணையோடு பெருமாளைக் கீழே இறக்கினோம். கோமளாவின் நாற்காலிக்கு முன்னால் இரண்டு பேரும் முட்டி போட்டோம். அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சாதமாக இருந்தாலும் பெருமாள் கனம் கனம்தான்!

“நைனா, உன் பக்கம் எறங்குது! புளியோதரை சரியுது!”

“நீ ஒசரமாத் தூக்கனா எனக்கு எறங்காம இன்னாடா பண்ணும்?”

“ரெண்டு பேரும் வாய மூடினு புடிங்க” என்றாள் கோமளா. “இன்னும் கொஞ்சம் மேல... போதும். பாலாஜி, நீ எறக்கு. ஆங்... அப்பிடியே.”

நின்றது. அவள் முகத்துக்கு நேராக. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. கழுத்தைத் துளிகூட அசைக்காமல் கையை நீட்டினாள். தயிர்ச் சாதத்தால் வெள்ளையாக இரண்டு கோடு. நடுவில் சிவப்பாகக் கேசரி. எப்போதும் போல அவசரமே இல்லாமல், ஓரத்தை விரலால் வழித்துச் சரிசெய்தாள்.

தரையில் இறக்கி வைத்து, மாவிளக்கு ஏற்றி, தேங்காய் உடைத்தபோது ஒன்பதுக்குச் சில நிமிடங்கள் பாக்கி. தேவகி அக்கா இரண்டாவது முறையாகக் கோவிந்தா போட்டார். இந்த முறை நாங்கள் எல்லோருமே போட்டோம்.

இப்போது வீட்டைப் பெருக்குவது பாலாஜி. பாத்திரம் நான். கோலம் இரண்டு பேருக்கும் வரவில்லை. வாசலில் கோமளா நின்று திட்டத் திட்டப் போடுகிறோம். அன்றைக்கு முட்டி போட்டதில் எனக்கு வலது முட்டி இன்னும் வலிக்கிறது.

வீட்டில் மூச்சு விடவில்லை. சொன்னால் பையன் அதற்கு ஏதாவது ஆர்டர் போட்டுவிடுவான்!