அண்ணியின் நான்காவது பாட்டில்

நாத்தனாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எவள் சொல்வாள் என்று எங்கள் தெருவில் கேட்டால் சிரிப்பார்கள். நான் சொல்வேன். சொல்லித்தான் ஆக வேண்டும்.

அவர் என் வீட்டுக்காரருக்கு அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். வயது நாற்பத்தொன்று, கல்யாணம் ஆகவில்லை. மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை. கண்ணாடிச் சில்லுகளை ஃப்ரேமின் அளவுக்குத் தேய்த்துக் கொடுக்க வேண்டும். இம்மி பிசகினாலும் சில்லு வீண். பத்தொன்பது வருடமாகப் பிசகாமல் தேய்க்கிறவர். வீட்டிலும் அதே கண்தான். நான் நறுக்கிய காய் கோணல்மாணலாக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார், தட்டை இழுத்துத் தானே திரும்ப நறுக்குவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மாமியார் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. மாமாவுக்கு அதற்கு முன்பே பார்வை போய்விட்டது. அப்புறம் நினைவும் கொஞ்சம் கொஞ்சமாகத் தப்பியது. பெண்டாட்டி செத்துப்போனது மட்டும் அவர் மண்டையில் ஏறவே இல்லை. "இவ எங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். யார் ஊட்டப் போனாலும் உதட்டை இறுக்கிக்கொண்டார். பத்துப் பன்னிரண்டு நாளில் எலும்பும் தோலுமாகிவிட்டார்.

ஒருநாள் அண்ணி லீவு முடிந்து வேலைக்குக் கிளம்பினார். அம்மாவின் சென்ட்டைக் கழுத்தில் தடவிக்கொண்டு, போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக் கட்டிலருகே குனிந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் மாமா கேட்டார்.

"வந்துட்டியா? எங்க போய்த் தொலைஞ்ச இவ்ளோ நேரம்?"

அண்ணி அன்று வேலைக்குப் போகவில்லை. தட்டை எடுத்துவரச் சொன்னார். மாமா கடைசி வாய் வரை சாப்பிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அண்ணிதான் மாமியார்.

காலையில் ஊட்டிவிட்டு வேலைக்கு ஓடுவார். மதியம் மூச்சிரைக்க வருவார், ஊட்டுவார், திரும்ப ஓடுவார். சாயங்காலம் மறுபடியும். பேசக் கூடாது, குரல் காட்டிக்கொடுத்துவிடும். "ம்" மட்டும்தான். "என்னடி ஊமையாயிட்ட?" என்று மாமா திட்டுவார், அதற்கும் "ம்". இரண்டு வருடத்தில் ஒரு வெளியூர்ப் பயணம் கிடையாது. காய்ச்சலில் படுத்தபோதும் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து ஊட்டினார். என் வீட்டுக்காரரும் ஒருமுறை அந்த சென்ட்டைத் தடவிக்கொண்டு போய்ப் பார்த்தார். போனவர் சும்மா இருக்கலாமில்லையா, பழக்கதோஷத்தில் கனைத்துவிட்டார். "எவன்டா அவன்?" என்று மாமா தட்டைத் தட்டிவிட்டார். அதோடு அவர் லாரியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மாதத்தில் இருபது நாள் ரோட்டில்தான் இருப்பார்.

அந்த சென்ட் ஆணுக்கா பெண்ணுக்கா என்று பாட்டிலில் எழுதியிருக்காது. மாமாவும் மாமியாரும் ஒரே பாட்டிலைத்தான் தடவிக்கொள்வார்கள். முதலில் ஆரஞ்சுத் தோலைக் கிள்ளியது போல ஒரு வாடை, அப்புறம் பட்டை, அது அடங்கியதும் சந்தனமும் சாம்பிராணியும் வெனிலாவும் கலந்த ஒரு கதகதப்பு. செய்த கம்பெனி எப்போதோ மூடியாயிற்று. பாட்டிலில் ஒரு விரற்கடை மிச்சமிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கடை முதலாளி கூப்பிட்டார். கடலோர ஊரில் புதுக் கிளை, அண்ணிதான் பொறுப்பு, தங்க ஒரு அறையும் உண்டு. நான்கு மாதத்தில் பதில் வேண்டும். அன்று அண்ணி செருப்பைக் கூடக் கழற்றாமல் என் எதிரில் வந்து நின்றார்.

"நான் இந்த வாசனையச் செஞ்சு குடுத்துட்டா, நீ போட்டுக்கிட்டு அப்பாவுக்கு ஊட்டுவியா?"

"செஞ்சு பாருங்க அண்ணி, அப்புறம் பேசிக்கலாம்."

எங்கே செய்யப்போகிறார் என்ற தைரியத்தில் சொன்னேன்.

கொல்லைப்புறத்துச் சாமான் அறையைச் சுத்தம் செய்தார். சின்னச் சின்னக் குப்பிகளில் எண்ணெய்கள், ஸ்பிரிட், சொட்டு விடும் குழாய், காகிதத் துண்டுகள், ஒரு நோட்டு. முதல் பாட்டிலில் பட்டை எண்ணெய் கூடிப்போய் மணிக்கட்டு தீயில் பட்ட மாதிரி சிவந்துவிட்டது. இரண்டாவதில் வெனிலா. "அண்ணி, உங்கள இப்ப எறும்பு தூக்கிட்டுப் போயிடும்" என்றேன். சிரித்தார். அவர் சிரித்து வெகுநாளாகியிருந்தது.

மூன்றாவதில்தான் பெரிய தப்பு செய்தார். சில்லு தேய்க்கிறவருக்கு நிமிஷத்துக்கு நிமிஷம் அளந்து பார்த்தே பழக்கம். கலந்ததை உடனே முகர்வது, குறைகிறது என்று ஒரு சொட்டு, மறுபடி முகர்வது, இன்னொரு சொட்டு. வாசனை அப்படி வராதாம். கலந்துவிட்டு இருட்டில் மூன்று வாரம் தொடாமல் விட்டால்தான் ஒன்றோடொன்று சேருமாம். புத்தகத்தில் அதைப் படித்ததும் தலையில் அடித்துக்கொண்டார். நான்காவது பாட்டிலைக் கலந்து, கறுப்புத் துணியில் சுற்றி, அறையைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தார்.

"நானே கேட்டாலும் குடுக்காத."

இரண்டு முறை கேட்டார். கொடுக்கவில்லை.

மூன்று வாரம் கழித்துத் துணியைப் பிரித்து, காகிதத்தில் ஒரு சொட்டு விட்டு என்னிடம் நீட்டினார். முகர்ந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், மாமியார்தான் வந்துவிட்டாரோ என்று திரும்பிப் பார்த்தேன்.

"எனக்கு ஒண்ணுமே தெரியலம்மா" என்றார் அண்ணி. "முகர்ந்து முகர்ந்து மூக்கே மரத்துப்போச்சு. நீதான் சொல்லணும்."

"கிட்டத்தட்ட அதேதான் அண்ணி."

அவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. இனி இது என் தலையில் என்று எனக்குள் கணக்கு ஓடியது. காலை, மதியம், சாயங்காலம். "ம்". நான் பேக்கரியில் பகல் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் இந்த வீட்டுக்கு வெளியே எனக்கென்று கிடைத்த முதல் இடம் அது. மாமாவுக்கு எழுபத்திரண்டு வயது, சாப்பிட ஆரம்பித்ததும் உடம்பும் தேறிவிட்டது. எத்தனை வருடம் என்று யாரைக் கேட்பது?

ஞாயிற்றுக்கிழமை மதியம் பரீட்சை. என் கழுத்திலும் மணிக்கட்டிலும் அண்ணியே தடவிவிட்டார். "என் வாடை குறுக்க வரக் கூடாது, நான் பின்னால இருக்கேன்" என்று சாமான் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் சாப்பாட்டை எடுக்க அடுப்படிக்குப் போனேன். தொட்டியருகே சோப்பு இருந்தது. கழுத்தையும் கையையும் இரண்டு தடவை தேய்த்துக் கழுவினேன். முந்தானையால் துடைத்துக்கொண்டு, தட்டோடு மாமாவின் கட்டிலுக்குப் போய் உட்கார்ந்தேன்.

மாமா முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பித் தேடினார். "யாரு?" என்றார். கரண்டியை உதட்டருகே கொண்டுபோனேன். இறுக்கிக்கொண்டார். சாப்பாடு ஆறும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போய் அண்ணியிடம் சொன்னேன்.

"சாப்பிடல அண்ணி."

அவர் என் கையைப் பிடித்து மணிக்கட்டை மூக்கருகே வைத்து நெடுநேரம் முகர்ந்தார். 

"எனக்கு எந்த வாசனையும் வரல பாரு" என்றார். "இந்த மூக்க வெச்சிக்கிட்டு நான் செய்யக் கிளம்பினேனே. உன்மேல என்ன தப்பு? நீ பாவம், மாமியார் ஞாபகத்துல அதேதான்னு சொல்லிட்ட."

பழைய பாட்டிலில் இருந்ததைத் தடவிக்கொண்டு உள்ளே போனார். "வந்துட்டியா" என்று மாமாவின் குரல் கேட்டது. மறுநாள் முதலாளியிடம் வர முடியாது என்று சொல்லிவிட்டார். கிளைக்கு வேறொருத்தியை அனுப்பினார்கள். அவளுக்கு வேலை கற்றுக்கொடுத்ததும் அண்ணிதான்.

அடுத்த மாதம் பழைய பாட்டில் சுத்தமாகத் தீர்ந்தது. வேறு வழியில்லாமல் அந்த நான்காவது பாட்டிலைத் தடவிக்கொண்டு மாமாவிடம் போனார். அவர் எப்போதும் போல வாயைத் திறந்தார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது தெரிந்துவிடும், எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

காலித் தட்டோடு வெளியே வந்த அண்ணியின் கண்ணெல்லாம் ஈரம்.

"வாசனை சரியாத்தான் வந்திருக்கும்மா. அன்னிக்கு நீ போனப்ப சாப்பிடலையே, இப்பதான் புரியுது. அப்பாவுக்கு உள்ளுக்குள்ள எல்லாம் தெரியும். அவருக்கு என் கைதான் வேணும். நல்லவேளை, நான் போகல."

"ஆமா அண்ணி" என்றேன்.