நானூறு நாளாக வராத மடிக்கணினி

அக்காவின் மடிக்கணினியில் போன வாரம் எடுத்த படம் ஒன்றை வேண்டுமென்றே அழித்துவிட்டு, அலமாரிமேல் முனகிக்கொண்டிருக்கும், வீட்டுக் கணினிகளின் நகல்களைச் சேர்த்துவைக்கும் சர்வர் பெட்டியைப் பார்த்து, "எங்கே, எடுத்துக் குடு பாப்போம்" என்கிறார் அத்தான். கண் கடிகாரத்தில் இருக்கிறது.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். "இது தெளிவா, முன்ன போட்டது தெளிவா?" என்று முப்பது வருஷமாகக் கேட்டுப் பழகிய வாய். வீட்டுக் கணினிகளை நகலெடுத்து வைக்கும் மென்பொருளையும் அப்படித்தான் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறார். "எடுத்து வெக்கிறேன்னு யார் வேணா சொல்லலாம். கேட்டா திருப்பித் தரணும்ல?"

முதல் மென்பொருள், மூத்த மகள் வீட்டிலிருந்தே கணினியில் கலந்துகொண்ட அலுவலகக் கூட்டத்தை நடுவில் உறையவைத்தது. "உங்க ஆராய்ச்சிக்கு என் வேலைதான் கிடைச்சதாப்பா?" என்று அவள் கத்தினாள். இரண்டாவது எல்லாவற்றையும் திருப்பித் தந்தது, ஆனால் இன்றைய தேதி போட்டு. "பெரியவ பத்து வயசுல வரைஞ்ச படத்துக்கு இன்னிக்குத் தேதியா?" அதையும் அன்றைக்கே தூக்கிவிட்டார்.

மூன்றாவதில் குறையே இல்லை. ஆனால் ஒரு வருஷம் சர்வர் பக்கம் வராத கணினியின் நகலை அதுவாகவே அழித்துவிடுமாம். சர்வர் பட்டியலில் 'சின்னவள்' என்று இளைய மகளின் பழைய கணினிக்கு ஒரு பெயர் இருக்கிறது. சின்னவள் வேலைக்கு வெளியூர் போன இடத்தில் அந்தக் கணினி செத்து, குப்பைக்கும் போயாயிற்று. அவளுடைய பள்ளிக் கட்டுரைகளும், கதவைச் சாத்திக்கொண்டு பாடிப் பதிவுசெய்த பாட்டுகளும் இப்போது இந்தப் பெட்டியில் மட்டும்தான். ஒரு பாட்டின் நடுவில், "அப்பா, தட்டிட்டு வரமாட்டீங்களா!" என்று சீறுகிறாள். அந்த வீடு அப்போது எவ்வளவு சத்தமாக இருந்தது!

"அவளே கேக்கல, நீங்க எதுக்குக் கட்டிக்கிட்டு அழறீங்க?" என்றாள் அக்கா.

"கேக்கற அன்னிக்கு இல்லேன்னு சொல்லக் கூடாதுல்ல."

நான்காவது மென்பொருள் தானாக எதையும் அழிக்காது. மாதம் ஒருமுறை கேட்கும். நான் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டது: 'சின்னவள் நானூறு நாட்களாக வரவில்லை. நீக்கலாமா?' அத்தான் 'வேண்டாம்' என்பதை அழுத்தினார். கீழே ஒரு சின்னக் கட்டம்: 'இனி கேட்க வேண்டாம்.'

"அதையும் டிக் பண்ணிடுங்க அத்தான். மாசாமாசம் தொல்லை" என்றேன்.

மௌஸை அந்தக் கட்டம் வரைக்கும் கொண்டுபோனார்.

"இருக்கட்டும் மாப்ள. அவ வரலையேன்னு வேற யாரு கேக்கறா?" என்று கட்டத்தைக் காலியாகவே விட்டு, மடிக்கணினியின் மூடியை மெல்லச் சாத்தினார்.