மீட்டரில் கூடிய கிலோமீட்டர்

லிஃப்ட்காரர் காரை விற்கப் போகிறாராம் என்ற செய்தி தெருவுக்குத் தெரிந்த அன்று ஒருவரும் நம்பவில்லை. "கிட்னியை வேணா விப்பாரு, அதை விக்க மாட்டாரு" என்றார் எதிர்ப்பக்கத்து சலூன்காரர். நியாயமான பேச்சுதான்.

முப்பத்தாறு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர் அவர். அவர் கை பட்ட லிஃப்ட் எந்த மாடியில் வந்து நின்றாலும் தரையோடு ஒரு நூல் பிசகாது. அப்படிப்பட்ட மனிதர் நாற்பத்திரண்டாவது வயதில், யாரோ மோதிவிட்டு மூலையில் போட்டிருந்த ஒரு ஸ்போர்ட்ஸ் காரை இழுத்துக்கொண்டு வந்தார். கரும்பச்சை நிறம், இரண்டே சீட்டு, தரையோடு தரையாகக் கிடக்கும். ஒவ்வொரு திருகாகக் கழற்றி மாட்டி, இரண்டு வருடத்தில் அதைப் புத்தம் புதிதாக்கினார். அதற்கப்புறம் ஆரம்பித்தது கெடுபிடி. மழை தூறினால் வண்டி வெளியே வராது. வெயில் கொளுத்தினாலும் வராது. உள்ளே தண்ணீர் பாட்டிலைத் திறக்கக் கூடாது, கதவை அடித்துச் சாத்தக் கூடாது, மேலே ஒரு கைக்குட்டையைக்கூட வைக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் ஏரி வரைக்கும் போய்த் திரும்பும். மற்ற நாளெல்லாம் ஷெட்டில் போர்வைக்குள் தூக்கம்.

அந்த ஷெட்டுக்குத் தெரு வைத்த பெயர் சின்ன வீடு. யாராவது வந்து "சார் இருக்காரா?" என்று கேட்டால் அவர் மனைவியே முகத்தில் சிரிப்பு இல்லாமல், "சின்ன வீட்டுல இருக்காரு, போய்ப் பாருங்க" என்பாள்.

மனைவி ஓர் ஆஸ்பத்திரியின் துணி அறையில் தையல் வேலை பார்த்தவள். ஞாயிறு தவறாமல் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருவாள். வீட்டில் ஓயாமல் பேசுகிறவள் காரில் ஏறினால் வாயே திறக்க மாட்டாள். காருக்கும் அவளுக்கும் ஆகாது என்று லிஃப்ட்காரர் முடிவு கட்டி வைத்திருந்தார். இப்படி முடிவு கட்டுவதில் புருஷன்மாரை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது.

"மூட்டு வலிக்குது. குனிஞ்சு ஏறி இறங்க முடியல. கொடுத்துடலாம்" என்று அவளிடம் சொன்னார். சுத்தப் பொய். மூட்டு இரண்டும் திடமாக இருந்தன. போனது கண். எதை நேராகப் பார்த்தாலும் நடுவில் ஒரு புகை நின்றது. ஒரு கண்ணில் ஆரம்பித்து ஒன்றரை வருடத்துக்கு மேலாகிவிட்டது. செவ்வாய்க்கிழமைகளில் பழைய ஒர்க்‌ஷாப் நண்பர்களைப் பார்க்கப் போகும் வழக்கம் அவருக்கு உண்டு. அதில் மாதம் ஒரு செவ்வாய், நண்பர்களை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி கண் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தார். போன மாதம் மற்றக் கண்ணிலும் புகை தெரிந்தது. இனிமேல் ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஓட்ட முடியாத காரை ஷெட்டில் வைத்துத் தினமும் தடவிப் பார்க்க அவருக்குத் தெம்பு இல்லை. மனைவியிடம் விஷயத்தைச் சொல்லவும் வாய் வரவில்லை. சொன்னால் பயப்படுவாளே!

விளம்பரம் கொடுத்துவிட்டு, கடைசியாக ஒரு தடவை காரை முழுதாகத் துடைத்தார். ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் கையை விட்டபோது சீட்டு நகரும் தண்டவாளத்தில் ஒரு நீல நூல் முடிச்சுப் போட்டுக் கிடந்தது. தையல்காரியைக் கட்டிக்கொண்டால் சோற்றில்கூட நூல் வரும் என்று முணுமுணுத்து அதைப் பிய்த்துப் போட்டார்.

சனிக்கிழமை காலை வந்தவர் ஒரு கணக்கு வாத்தியார். ஒல்லியான ஆள், சட்டைப் பையில் மூன்று பேனா. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு காரை மூன்று சுற்றுச் சுற்றினார். ஒரு விரலால்கூடத் தொடவில்லை. அதைப் பார்த்ததுமே லிஃப்ட்காரருக்கு மனசு நிறைந்துவிட்டது. இவன் வைத்துக் காப்பாற்றுவான்.

"ஒரு ட்ரிப் விடாம எழுதி வெச்சிருக்கேன் சார்" என்று நோட்டை நீட்டினார். லிஃப்டைச் சோதித்தால் எழுதிக் கையெழுத்துப் போட்டே பழகிய கை. தேதி, போன இடம், மீட்டரில் இருந்த எண், எல்லாம் இருபது வருடத்துக்கும் அதில் இருந்தது.

வாத்தியார் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். காருக்குள் எட்டி மீட்டரைப் பார்த்தார். மறுபடியும் நோட்டைப் பார்த்தார்.

"நோட்டுல அறுபத்தோராயிரத்து இருநூத்திப் பத்துன்னு இருக்கு. மீட்டர்ல எண்ணூத்தி அம்பது. அறுநூத்தி நாப்பது கிலோமீட்டர் இடிக்குதே சார்?"

"இருக்காதே. நல்லா பாருங்க."

"நீங்களே பாருங்க."

லிஃப்ட்காரர் குனிந்தார். மீட்டர் இருந்த இடத்தில் புகைதான் இருந்தது. இன்னும் கொஞ்சம் குனிந்தார். மூக்கு ஸ்டியரிங்கில் இடித்தது.

வாத்தியாரின் குரல் மாறியது. "நோட்டு இவ்வளவு சுத்தமா இருக்கும்போதே யோசிச்சேன். தப்பா நினைக்காதீங்க சார், குறைச்சுக் காட்டுறதுக்காகத் தனியா ஒரு நோட்டு எழுதுறவங்களும் இருக்காங்க."

சுருக்கென்று தைத்தது. அவரை யாரும் அதுவரை ஏமாற்றுக்காரன் என்று சொன்னதில்லை. இல்லை என்று நிரூபிக்க ஒரே வழி, தனக்குக் கண் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்வது. அந்த நேரம் பார்த்து மனைவி டீ தட்டோடு ஷெட் வாசலில் வந்து நின்றாள். மானத்தைக் காப்பாற்றுவதா, இவளைப் பயமுறுத்தாமல் இருப்பதா?

கடைசியில் தரையைப் பார்த்துச் சொன்னார்: "எனக்கு அந்த நம்பர் தெரியல சார். ஒன்றரை வருஷமா தெரியல. ஏரிக்குப் போய் வந்தா எவ்வளவுன்னு மனப்பாடம், அதைக் கூட்டிக் கூட்டி எழுதிட்டு வந்தேன். என் கூட்டல் தப்பாது. இந்த அறுநூத்தி நாப்பது எங்கேர்ந்து வந்துச்சுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும்" என்றாள் மனைவி.

சொல்லிவிட்டு டீ தட்டைக் காரின் பானட் மேல் வைத்தாள். ஆமாம், பானட் மேல்தான்! அந்தக் காரின் சரித்திரத்தில் அது முதல் தடவை. லிஃப்ட்காரர் அதற்குக்கூடப் பதறவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"நான்தான் ஓட்டினேன்."

"எதை?"

"உங்க சின்ன வீட்டைத்தான். டிரைவிங் ஸ்கூல்ல சேர்ந்து கத்துக்கிட்டேன். லைசென்ஸ் இருக்கு, வேணும்னா எடுத்துட்டு வரேன். நீங்க செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கம் கிளம்பினதும் நான் இந்தப் பக்கம் கிளம்புவேன். சீட்டை முன்னால இழுத்தா திரும்ப அதே இடத்துக்குத் தள்ளணுமே, அதுக்கு ஒரு நீல நூலைக் கட்டி அடையாளம் வெச்சிருந்தேன்."

"கண்ணாடி ஒரு நாள் திரும்பியிருந்துச்சே, பூனைன்னு..."

"பாவம், அந்தப் பூனையை நாலு நாள் திட்டினீங்க."

லிஃப்ட்காரர் கதவைப் பிடித்துக்கொண்டார். "உனக்கு எப்படி என் கண்ணு..."

"அன்னைக்கு ஹைவேயில ஓரங்கட்டிட்டு, இன்ஜின் சூடாயிடுச்சுன்னு ஒன்றரை மணி நேரம் உக்காந்திருந்தோமே. சூடு காட்டுற முள்ளு நடுவுலதான் நின்னுது. இருபது வருஷமா பக்கத்துல உக்காந்து வரேன், எந்த முள்ளு எதுக்குன்னு தெரியாதா எனக்கு? அப்புறம் ஆஸ்பத்திரிச் சீட்டை சட்டைப் பையிலயே வெச்சிருந்தா? சட்டையைத் துவைக்கிறது யாரு?"

"சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க சொல்லியிருக்கலாம்ல? நான் ஓட்டக் கத்துக்கிட்டேன்னு சொன்னா, உங்களால ஓட்ட முடியாதுன்னு நான் சொன்ன மாதிரி ஆயிடாதா? நீங்களா ஒரு நாள் சொல்லட்டும், அன்னைக்குத் தயாரா இருக்கணும்னு இருந்தேன். நீங்க என்னடான்னா மூட்டு வலிங்குறீங்க."

வாத்தியார் இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் கணக்கு அரைகுறையாகக் கிடந்தால் அந்த இனத்துக்குத் தூக்கம் வராது. "ஒன்றரை வருஷம்னா கிட்டத்தட்ட எண்பது செவ்வாய். எண்பதால வகுத்தா எட்டு. தடவைக்கு எட்டு கிலோமீட்டர். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துக்கா போனீங்கம்மா?"

அவள் டீ கிளாஸை நகர்த்தி வைத்தாள்.

லிஃப்ட்காரருக்குத் தூரமெல்லாம் மனப்பாடம். "போக நாலு, வர நாலு" என்றார். "கண் ஆஸ்பத்திரி."

"முதல்ல அந்த ரவுண்டானாதான் பயமா இருந்துச்சு" என்றாள் அவள். "இப்ப பழகிடுச்சு. மூணு தடவை உங்களை அங்க பஸ் ஸ்டாப்புல பாத்தேன். ஒரு கண்ணுல பஞ்சை வெச்சுக் கட்டிக்கிட்டு கம்பியைப் பிடிச்சு நின்னுட்டிருந்தீங்க. நிறுத்தி ஏத்திக்கலாமான்னு கை துடிச்சுது. நிறுத்தல. வீடு வரைக்கும் அழுதுக்கிட்டே ஓட்டிட்டு வந்தேன்."

"ஒரு நாள் சத்தம் கேட்டுச்சு" என்றார் அவர் மெதுவாக. "நம்ம இன்ஜின் மாதிரியே. இந்த ஊர்ல இன்னொருத்தன் இதே காரை வெச்சிருக்கான்னு நினைச்சு எனக்கு வயிறு எரிஞ்சுது."

அவள் சிரித்துவிட்டாள். அவருக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. வாத்தியார் நோட்டை மூடி, இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தார். "மன்னிச்சுக்குங்க சார். அவசரப்பட்டு வார்த்தையை விட்டுட்டேன்." பிறகு காரை ஆசையாக ஒரு பார்வை பார்த்தார். "இனி விக்க மாட்டீங்க, அப்படித்தானே?"

மனைவி தட்டை எடுத்து வாத்தியார் கையில் கொடுத்து, "டீயைக் குடிச்சுட்டு இருங்க, அஞ்சு நிமிஷத்துல வந்துடறோம்" என்றாள். சீட்டை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஏறுங்க."

லிஃப்ட்காரர் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து ஏறினார். கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வண்டி தெருவுக்குத் திரும்பியபோது இடது கை தானாகவே கதவுப் பக்கம் தாவி, கைப்பிடியைப் பற்றியது. அதைப் பலமுறை துடைத்திருக்கிறாரே தவிர ஒரு நாளும் பிடித்ததில்லை. அடிப்பக்கம் தோல் தேய்ந்து வழவழவென்று இருந்தது. நாலு விரல் பதிந்த பள்ளம். சின்ன விரல்கள்.

"இவ்வளவு பயந்துக்கிட்டா வந்த?"

"பின்னே? உங்க வேகத்துக்கு உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுதான் வருவேன்."

"அப்புறம் ஏன் எல்லா வாரமும் வந்த?"

அவள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் வரலன்னா நீங்க தனியாதானே போவீங்க?"

அவர் அந்தப் பள்ளத்தில் தன் விரல்களை வைத்துப் பார்த்தார். கொள்ளவில்லை. இருந்தாலும் எடுக்கவில்லை.

"செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கு ஊசி?" என்று கேட்டாள்.

"ஒன்பதரை."

"ஒன்பதுக்கு ரெடியா இருங்க" என்று சொல்லிக் கியரை மாற்றினாள்.