கையில் குத்திய பெயர்

உத்திரமேரூரில் நான் பள்ளி எழுத்தராக இருந்தபோது, மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்க ஒரு பெண் வந்தார். சேலைக்கு மேல் ஆண் சட்டை, காலில் நடவுச் சேறு. நான் ஸ்டாம்ப் பேடை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"கைநாட்டு வாணாம் சார், கையெழுத்தே போடறேன்" என்றார்.

சட்டைக் கையைச் சுருட்டினார். முழங்கைக்குக் கீழே அவர் பெயர் பச்சை குத்தியிருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகப் படிவத்தில் எழுதினார்.

"உங்க பேரையே ஏம்மா குத்திக்கிட்டீங்க?"

"அவரு பொஞ்சாதி, இவளோட அம்மா, இப்டித்தான் சார் எல்லாரும் கூப்புடறாங்க. பக்கத்தூரு பெருநகர் கோயில் திருநாள்ல பச்ச குத்தறவரு யார் பேருன்னு கேட்டாரு. என்னுதே குத்துன்னுட்டேன். வூட்ல ஒரே பேஜாரு!" என்று சிரித்தார்.

அரையாண்டு மதிப்பெண் அட்டை வாங்க மறுபடி வந்தார். வராந்தாவில் காத்திருக்கும் பெற்றோரைப் பிள்ளைகளின் பெயரைச் சொல்லித்தான் அழைப்போம். அன்று அவருடைய பெயரைச் சொல்லி அழைத்தேன். வேறு யாரையோ கூப்பிடுவதாக நினைத்து அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு, "நாந்தான் சார்!" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

அத்தனை வருட வேலையில், அந்த வராந்தாவில் யாரும் அவ்வளவு உரக்கப் பதில் சொல்லி நான் கேட்டதில்லை.